காய்ந்த எடை

ஓட்டத்துக்கான ஷூவை விற்பவர்கள் குறிப்பில் தரும் எடை பெரும்பாலும் 9ஆம் அளவு அல்லது அதையொட்டிய அளவுள்ள, புதிய, காய்ந்த, ஒற்றை ஷூவின் எடை. இந்த அடைமொழிகள் எல்லாம் குறிப்பில் அச்சாவதில்லை. என் பாதம் 10ஆம் அளவு. ஓடுவது சென்னையில். இங்கே முக்கால் மணி நேரத்துக்குமேல் எந்த ஷூவும் காய்ந்து இருப்பதில்லை.

வாரத்துக்கு நான்கு நாள், விடியுமுன், மொத்தம் 40 கிலோமீட்டர் போல ஓடுகிறேன். ஜனவரியில் ஒரு 21 கிலோமீட்டர் பந்தயம். போன தடவை 1 மணி 58 நிமிஷம். பயிற்சிக்குக் கனமாக ஒன்று, பந்தயத்துக்கு லேசாக ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதுதான் மரபு. ஒரு ஜோடி 500லிருந்து 800 கிலோமீட்டர்வரை தாங்கும் என்பார்கள். ஆக வருஷத்துக்கு மூன்று ஜோடி எனக்கு எப்படியும் வேண்டும். பந்தயத்துக்கென்று நான்காவது ஒன்று வாங்குவது ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கு ஆடம்பரம் என்பது ஒரு புறமிருக்க, அந்த ஏற்பாட்டிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. மாதக்கணக்கில் ஒரு உயரத்துக்குப் பழகிய காலை, முக்கியமான அந்த ஒரு நாளில் வேறொரு உயரத்தில் நிற்கச் சொல்வது என்ன நியாயம்? என் இடது குதிகாலின் பின்நரம்பு காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போதே விறைத்திருக்கும் ரகம். நாள் முழுதும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த ஓட்டம் ஒன்றுதான் பிறருக்குக் கணக்குக் காட்ட வேண்டாத நேரம். அதை இழக்க நான் தயாராயில்லை. ஆக, ஒரே ஷூ, இரண்டுக்கும்.

எடை ஒரு பொருட்டா என்றால், பொருட்டுத்தான். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஓடுபவர்களுக்குத் தெரியாமல் ஷூவின் நாக்கில் ஈயக் குண்டுகளை ஒளித்துவைத்து 3,000 மீட்டர் ஓடவிட்டார்கள். ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஓட்டம் சுமார் 0.78 சதவீதம் தாமதமாயிற்று. மனசுக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த விகிதம் எனக்கும் பொருந்துமென்று வைத்துக்கொண்டு, தொழில்புத்தியில் ஒரு கணக்குப் போட்டேன். நான் போட்டுக்கொண்டிருந்தது குறிப்பின்படி 268 கிராம், 6,200 ரூபாய். ஆசைப்பட்டது 198 கிராம், 11,000 ரூபாய். 70 கிராம் குறைந்தால் 39 விநாடி லாபம். ஒரு விநாடிக்கு 123 ரூபாய். வட்டி விகிதம் கொஞ்சம் அதிகம்தான்.

வெறுங்காலோடு ஓடலாமே என்பார்கள் நண்பர்கள். நம் வட்டாரத்தில் அபெபே பிகிலாவைப் பற்றி ஒரு காவியக் கற்பனை உலவுகிறது. 1960இல் ரோமில் வெறுங்காலுடன் மாரத்தானை 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் முடித்தவர், 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு அதைவிட 3 நிமிஷம் குறைத்தே ஓடினார் என்பதை யாரும் சொல்வதில்லை. அதே கொலராடோவில் 2012இல் வேறொரு சோதனை: வெறுங்காலில் ஈயப் பட்டைகள் ஒட்டி, ஷூவின் எடைக்குச் சமமாக்கிப் பார்த்தபோது, ஷூ போட்ட கால்தான் குறைந்த பிராணவாயுவில் ஓடியது. அடியிலுள்ள நுரை செய்யும் வேலையை, அது இல்லாதபோது தசை செய்ய வேண்டியிருக்கிறது. நீக்குவதாலேயே ஒன்று லேசாகிவிடுவதில்லை. (சொற்சிக்கனம் என்று நாம் இத்தனை வருஷம் புகழ்ந்த கவிதைகள் சிலவற்றில், விடுபட்ட சொல்லின் வேலையை வாசகன் மூச்சு வாங்கச் செய்துகொண்டிருக்கிறான் என்பது என் அபிப்ராயம். அது வேறு கட்டுரை.)

நிறுத்துப் பார்க்கத் தராசு வேண்டும். எங்கள் கிளையில் நகைக்கடனுக்கான தராசு இருக்கிறது, மில்லிகிராம்வரை சொல்லும். "தங்கம் வைக்கிற தட்டு சார்" என்று மதிப்பீட்டாளர் மறுத்துவிட்டார். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போனேன். "தம்பி, இதுலதான் பருப்பு நிறுக்கேன்" என்றார். ஆனாலும் தினத்தாள் ஒன்றை விரித்துக் கொடுத்தார். என் பழைய ஷூ, 10ஆம் அளவு, காய்ந்த நிலையில் 285 கிராம். ஞாயிற்றுக்கிழமை 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு அப்படியே கழற்றி வைத்தேன்: 345. அறுபது கிராம் என் சொந்த வியர்வை. எழுபது கிராமைக் குறைக்க 4,800 ரூபாய் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், ஏறக்குறைய அதே அளவைக் கணுக்காலைச் சுற்றியுள்ள பஞ்சுப் பட்டையில் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நண்பர் ஒருவர் அந்த 198 கிராம் ஷூவை இரண்டு வாரம் கடன் கொடுத்தார். அவருக்கும் என் அளவுதான். காய்ந்து 210, நனைந்து 235. அருமையான ஷூ. ஆனால் அதில் குதிகாலின் உயரம் முன்பாதத்தைவிட 4 மில்லிமீட்டர்தான் அதிகம். குதிகால் தாழத் தாழ, கெண்டைச்சதையும் அதன் நரம்பும் கூடுதலாக இழுபடும். இரண்டாவது ஞாயிறு மாலை மாடிப்படி இறங்கும்போது நரம்பு தன் கருத்தைச் சொல்லிவிட்டது.

2023இல் பெர்லினில் டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிஷம் 53 விநாடியில் ஓடிய ஷூ வெறும் 138 கிராம். ஒரே ஒரு மாரத்தானுக்கும் அதற்குமுன் கொஞ்சம் பழகுவதற்கும் மட்டுமே ஆனது என்று செய்தவர்களே சொன்னார்கள். அது அவர் கால்களுக்கும் அந்தக் குளிருக்கும் நியாயம்.

எனக்கு வேண்டியது என்ன என்பது இப்போது தெளிவாயிற்று. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போனேன். நுரையின் பெயர்களைப் பையன் ஒப்பித்தான். நான் மேல்துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மறுபக்கம் விரல் தெரிய வேண்டும், நாக்கில் பஞ்சு இருக்கக் கூடாது. ஒன்றின்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சார், அப்புறம் அதை நீங்கதான் வாங்கணும்" என்றான். வாங்கினேன். குறிப்பில் 236 கிராம், குதிகால் 8 மில்லிமீட்டர் உயரம், விலை 6,500. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம்.

அண்ணாச்சி தராசில் காய்ந்து 250, பதினெட்டுக்குப் பிறகு 270. நண்பருடையதைவிட 35 கிராம் அதிகம். பழைய விகிதப்படி 19 விநாடி. அந்த 19 விநாடியை ஜனவரியில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நரம்பு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.