எந்தப் பக்கத்து அறை?

விமானப் பயணத்திற்குப் பதிவு செய்பவர் நாளையும் நேரத்தையும் முடிவு செய்தால் போதும். இருக்கை எதுவாயினும் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் சென்று இறங்கிவிடலாம். உல்லாசக் கப்பல் அப்படியன்று. அங்கே நாம் காசு கொடுத்து வாங்குவதே அறையைத்தான். எந்தத் தளம், எந்தப் பக்கம், சன்னல் உண்டா இல்லையா என்பதை நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் கப்பல்காரர்கள் நமக்காகச் சொல்லிவிடுவார்கள். கேரி தீவில் வாழும் என் பாட்டிக்காக ஓர் அறையைப் பதிவு செய்தபோதுதான் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது எனக்கு விளங்கியது.

கேரி தீவு என்றதும் கிள்ளான் வட்டார மக்களுக்குக் கடலுணவுக் கடைகளும், மா மெரி பழங்குடியினரின் மரச் சிற்பங்களும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரிந்த செம்பனைகளும் நினைவுக்கு வரும். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டத் துரையின் பெயரால் வழங்கும் தீவு இது. கடலும் ஆறும் சூழ்ந்த அந்தத் தாழ்ந்த நிலத்தில் மண்கரை எழுப்பி, உப்புநீரைத் தடுத்து, தோட்டம் போட்ட உழைப்பில் நம்மவர்களின் பங்கு பெரிது. என் பாட்டி பிறந்தது அங்கேதான். ஒவ்வோர் இரவும் நீரிணையில் நிற்கும் கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். ஆனால், எண்பது வயது வரை ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை.

பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளுக்கு அவரைக் கப்பலில் அழைத்துச் செல்லலாம் என்று அத்தைதான் முதலில் சொன்னார். புலாவ் இண்டாவில் உள்ள பயணக் கப்பல் முனையத்தில் ஏறி, சிங்கப்பூர் வரை சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணம் அது. "பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளை இருக்கும்போது நமக்கு என்ன கவலை?" என்று பதிவு செய்யும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார் சித்தப்பா. எந்த அறை என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப் போகவில்லை.

கப்பல் அறைகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை உள்ளறை. கப்பலின் நடுப்பகுதியில் அமைந்த இதற்குச் சன்னலே கிடையாது; விளக்கை அணைத்தால் பகலும் இரவாகிவிடும். விலை மிகக் குறைவு. இரண்டாவது, திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் வைத்த கடல்நோக்கு அறை. மூன்றாவது, வெளியே நின்று காற்று வாங்க மாடம் உள்ள அறை. நான்காவது, வசதி படைத்தோருக்கான பெரிய அறைத்தொகுதி. கட்டணத்தைப் பெரும்பாலும் இருவர் தங்கும் கணக்கில்தான் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஒருவர் தனியாகத் தங்கினால் ஏறத்தாழ இருவர் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாமவர், நான்காமவர் சேர்ந்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். துறைமுக வரியும் பணியாளர்களுக்கான சேவைக் கட்டணமும் பல வேளைகளில் இதற்குமேல் தனியாக வரும்.

"தூங்குறதுக்குத்தானே ரூம்பு? உள்ளறையே போதும்" என்றார் சித்தப்பா. "அம்மா வாழ்க்கையில ஒரு தடவை போறாங்க. மாடம் வெச்சதுதான் எடுக்கணும்" என்றார் அத்தை. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. சித்தப்பா கடன் கட்டிக்கொண்டிருப்பவர். அத்தையோ மனக்குறை எதுவும் மிஞ்சக்கூடாது என்று நினைப்பவர்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இருந்த ஒரு பயண முகவர் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டினார். வகையை மட்டும் நாம் சொல்ல வேண்டும். அறை எண்ணைப் பின்னர் கப்பல் நிறுவனமே ஒதுக்கும். இதற்கு ஆளுக்கு 90 ரிங்கிட் குறைவு. அவசரமாகச் செல்வோர்க்கும், எங்கே படுத்தாலும் உறக்கம் வரும் இளைஞர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. நானும் கிட்டத்தட்ட அதற்கு இசைந்துவிட்டேன். ஆனால், பயணம் செய்யப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று அந்த வாரக் கடைசியில் தீவிற்குச் சென்றேன்.

மடிக்கணினியில் கப்பலின் தளப்படங்களைக் காட்டினேன். பாட்டி விலையைக் கேட்கவில்லை. நீச்சல் குளம் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. "கண்ணு, கப்பல் கெளம்பும்போது நம்ம தீவு எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார்.

ஏன் என்று கேட்டேன். பாட்டி சொன்ன பதிலில் எங்கள் குடும்பத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கதை இருந்தது.

பாட்டிக்கு ஓர் அக்காள். இருவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்கள். 1957இல் நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் தாத்தா குடியுரிமைக்கு மனுச் செய்து நீல அடையாள அட்டை பெற்றார். பாட்டிக்கும் எழுதிப் போட்டார். அக்காள் வீட்டில் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை. வேலைக்குப் போனோமா, கூலி வாங்கினோமா என்று இருந்த காலம். காகிதத்தின் மதிப்பைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. உரிமம் கிடைக்காத பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள். 1970இல் அக்காள் குடும்பமும் ரஜூலா கப்பலில் ஏறியது. அப்போது துறைமுகத்திற்குச் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்றே பெயர். 1972இல்தான் அது கிள்ளான் துறைமுகம் ஆனது.

ரஜூலாவைப் பற்றிக் கேள்விப்படாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்து 1973 வரை ஓடியது. தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை இல்லாதவர். பாயை விரித்த இடமே அவர் இடம். தகரப் பெட்டியே அவர் சுவர். அறைகளில் சென்றோர் மிகச் சிறு பங்கினரே. இந்தப் பிரிவினை கரையிலும் தொடர்ந்தது. தொற்றுநோய்க்கு அஞ்சி, ஜெரெஜாக் தீவிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இருந்த முகாம்களில் தளப் பயணிகளைத்தான் நாள்கணக்கில் தடுத்து வைத்தார்கள். அறைச் சீட்டு வாங்கியவர் பெரும்பாலும் நேரே வீட்டுக்குப் போனார். நோய்க்குச் சீட்டின் வகுப்பு தெரியுமா என்ன? ஆனால், சட்டம் அப்படித்தான் பார்த்தது.

ரஜூலாவுக்குப் பின் சிதம்பரம் கப்பல் இதே வழித்தடத்தில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றிப் பல உயிர்கள் பறிபோயின. அத்துடன் நமக்கும் தமிழகத்திற்கும் இடையிலான வழக்கமான பயணக் கப்பல் போக்குவரத்தும் நின்றுபோனது.

அன்று துறைமுகத்தில் அக்காள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பாட்டி கப்பல் நகரும் வரை நின்றாராம். தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து கடிதம் வந்தது. அக்காள் குடும்பத்திற்குப் பாய் விரிக்க இடம் கிடைத்தது கப்பலின் மறுபக்கத்தில். பிள்ளைகளையும் பெட்டிகளையும் விட்டுவிட்டுக் கூட்டத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர முடியவில்லை. பிறந்த தீவு இருக்கும் திசையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன் என்று எழுதச் சொல்லியிருந்தார். அதன் பிறகு சகோதரிகள் இருவரும் சந்திக்கவே இல்லை.

"அக்கா பாக்காமப் போனத நான் பாத்துட்டுப் போறேன். அது போதும்" என்றார் பாட்டி.

அதற்குப் பிறகு அறையைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிட்டது. அதுவரை நாங்கள் விலையைப் பார்த்து அறையைத் தேடிக்கொண்டிருந்தோம். இப்போது எங்களுக்கு வேண்டியது என்ன என்பது தெரிந்துவிட்டது. வேண்டியது ஒரு சன்னல்; அதுவும் இடப்பக்கத்துச் சன்னல். புலாவ் இண்டாவிலிருந்து தெற்கு வாயில் வழியாகச் சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் கப்பலுக்குக் கேரி தீவு இடப்பக்கமாகத்தான் வரும். திரும்பும்போது அது வலப்பக்கம். போகும்போது பார்ப்பதுதான் பாட்டிக்கு முக்கியம்.

கப்பலின் எண் வரிசையையும் கவனித்தேன். பெரும்பாலான கப்பல்களில் ஒற்றைப்படை எண் அறைகள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண் அறைகள் மறுபக்கமும் இருக்கும். எது எந்தப் பக்கம் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். தளப்படத்தில் முன்முனை எது என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் சன்னல் இருந்தும் பயனில்லை. படகின் முதுகைத்தான் பார்க்கலாம். அதனால் அதற்குக் கீழ்த்தளத்திற்கு இறங்கினேன். கப்பல் ஆடும்போது மேல்தளங்களிலும் இரு முனைகளிலும்தான் ஆட்டம் அதிகம் தெரியும். கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் அது மிகவும் குறைவு. தலைசுற்றல் உள்ள முதியவர்க்கு அதுவே ஏற்றது. மின்தூக்கி பக்கத்தில் இருந்தால் முழங்கால் வலிக்கு நல்லது; ஆனால், அதை ஒட்டிய அறையில் இரவெல்லாம் ஆள் நடமாட்டம் கேட்கும். நான்கு அறை தள்ளி ஒன்றைக் குறித்தேன். மேலும் கீழும் என்ன இருக்கிறது என்றும் பார்த்தேன். இரண்டும் பயணிகள் அறைகளே. அரங்கிற்கு மேலேயோ உணவுக் கூடத்திற்குக் கீழேயோ அறை எடுத்தால் தூக்கம் கெடும்.

இப்படியாகக் கடல்நோக்கு அறை ஒன்றில் பாட்டி, அத்தை, நான். எதிர் வரிசையில் உள்ளறை ஒன்றில் சித்தப்பாவும் சித்தியும். மாடத்திற்கான பணம் மிச்சமானதில் சித்தப்பாவுக்கு மகிழ்ச்சி. பாட்டிக்குச் சன்னல் கிடைத்ததில் அத்தைக்கு நிறைவு. அறை எண்ணைத் தாமே தேர்ந்தெடுக்கக் கூடுதல் கட்டணம் உண்டென்று முகவர் நினைவூட்டினார். "குடுத்துடு" என்றார் சித்தப்பா, மறுபேச்சில்லாமல்.

முன்பணம் கட்டும் முன் இன்னொரு வேலை இருந்தது. பாட்டியிடம் கடப்பிதழே இல்லை. குடிநுழைவு அலுவலகத்தில் புகைப்படம் எடுத்து, விரல் ரேகை பதித்து, நூறு ரிங்கிட் கட்டினோம். அறுபது வயதைக் கடந்தோர்க்குப் பாதிக் கட்டணம். சிவப்பு உறையிட்ட அந்தப் புத்தகத்தை வாங்கியதும் பாட்டி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முந்தானையால் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கப்பல் பதிவுப் படிவத்தில் கடப்பிதழில் உள்ளபடியே பெயரை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து நிரப்பினேன். ஒரு படிவத்தை நிரப்பியவருக்கும் நிரப்பாதவருக்கும் இடையே ஒரு கடலே விழுந்துவிடக்கூடும் என்பதை அறிந்த குடும்பம் எங்களுடையது. என் விரல் சற்று மெதுவாகவே தட்டியது.

கடந்த டிசம்பரில் பயணம் சென்று வந்தோம். மாலையில் கப்பல் நகர்ந்தபோது எல்லாரும் மேல்தளத்திற்கு இசை கேட்கப் போனார்கள். பாட்டி நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு அமர்ந்தார். முதலில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் அடுக்கடுக்கான கொள்கலன்களும் வந்தன. பின்னர் லூமுட் நீரிணையின் வாய். அதன்பின் நீண்ட, கரும்பச்சைக் கோடாக அலையாத்திக் காடு.

"இதுவா நம்ம ஊரு? இவ்ளோ தட்டையாவா இருக்கு!" என்று வியந்தார் பாட்டி. எண்பது ஆண்டுகளில் அவர் தம் தீவை வெளியிலிருந்து பார்த்தது அன்றுதான். "அந்தக் கரைக்குப் பின்னாலதான் எங்க அப்பா மண்ணு சொமந்தாரு" என்று கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினார். கோடு மறையும் வரை எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. இருட்டிய பிறகு, "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

நம் முன்னோர் கப்பலில் வந்தார்கள் என்று மேடைதோறும் பேசுகிறோம். கப்பலின் எந்தப் பகுதியில் வந்தார்கள், எந்தப் பகுதியில் திரும்பிப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். அவர்களுக்கு இடத்தை வேறு யாரோ ஒதுக்கினார்கள். அந்த உரிமை இன்று நம் கையில் இருக்கிறது. பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ எங்கேனும் அழைத்துச் செல்ல எண்ணும் நண்பர்களே, விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே போய் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்? பதில் கிடைத்த பிறகு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், தளத்தைத் தேர்ந்தெடுங்கள், கடைசியாக விலையைப் பாருங்கள். சில வேளைகளில், நம் வீட்டு அறையைப் போலவே, நடுத்தர விலையில் ஒரு சிறு சன்னலே போதுமானதாக இருக்கும்.