பேய்த் தீவில் ஒரு குட்டிச் சுறா

மலாயில் 'ஹந்து' என்றால் பேய். சிங்கப்பூரின் தெற்கே, புக்கோம் எண்ணெய் ஆலைக்கு அருகில் இருக்கும் புலாவ் ஹந்துவுக்குப் பேயைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். சுறாவைத் தேடிப் போனால் அதிர்ஷ்டம் அடிக்கலாம்.

பெரியது, சிறியது என இரு தீவுகள். கடல் நன்றாக வற்றும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். நீர் கலங்கல்தான், சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நாள்களே அதிகம். ஆனாலும் அந்தக் கலங்கலுக்குள் பவளப்பாறைகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் மூங்கில் சுறா.

சுறா என்றதும் பயப்பட வேண்டாம். முழுதாக வளர்ந்தாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இரவானால் கடல் தரையோடு ஊர்ந்து நண்டு, இறால், சிறுமீன்களைத் தேடித் தின்னும். சில பெரிய சுறாக்கள் மூச்சுவிட நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாயால் நீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பியபடி அசையாமல் கிடக்கும். நீர் வற்றிய பிறகும் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

இது முட்டையிடும் சுறா. தோல் பை போன்ற முட்டைக்குள் குஞ்சு சுமார் நான்கு மாதம் வளரும். தாய் காவல் இருப்பதில்லை. குஞ்சே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். எதிரி நெருங்கினால் எழும் மெல்லிய மின்புலத்தை முட்டையருகே உண்டாக்கியபோது, உள்ளிருந்த குஞ்சு செவுளசைவை நிறுத்தி மூச்சடக்கியது!

குஞ்சின் உடலெங்கும் கரும்பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மங்கி, பெரியதானதும் பழுப்பு நிறமே மிஞ்சும். பட்டை பளிச்சென்று தெரிந்தால் அது இன்னும் பிள்ளை.

இந்த விவரம் சந்தையிலும் உதவும். சுறாப் புட்டு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா தேடி அலையும் பாட்டிகள் இன்றும் உண்டு. இந்த வட்டாரக் கடல்களில் மூங்கில் சுறாவும் வலையில் சிக்கிச் சந்தைக்கு வருகிறது. அழியும் ஆபத்தை நெருங்கிவரும் இனங்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டுள்ளது. பனிக்கட்டி மேல் பட்டையோடு ஒரு மூங்கில் சுறா கிடந்தால், அது இன்னும் ஒரு முட்டைகூட இட்டிருக்காது. அதை வாங்காமல் வந்துவிடலாம். புட்டுக்கு வேறு மீன் கிடைக்கும்.

ஹந்துவில் அதே பட்டையைப் பாறை இடுக்கில் கண்டால் சீண்டாதீர்கள். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்துவிடுங்கள்.