சாயம் போன பிறகு

வெளுத்துப்போன பருத்தி ரவிக்கையைப் பிரித்துத் தைக்க எடுத்தால், பக்கத் தையலுக்குள் மடங்கிக் கிடக்கும் துணியில் வாங்கிய நாளின் நிறம் அப்படியே இருக்கும். வெளியே சாம்பல் பூத்த ஏதோ ஒரு ஊதா. உள்ளே பளிச்சென்ற கத்தரிப்பூ நிறம். இழை நையவில்லை, கிழிசல் இல்லை, நிறம் மட்டும்தான் போயிருக்கிறது. அதற்காக அந்தத் துணியைக் கரித்துணியாக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த மடிப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. உள்ளும் புறமும் ஒரே வாளியில்தான் ஊறின, ஒரே சோப்பைத்தான் கண்டன. ஆனாலும் புறம் வெளுத்தது, உள் வெளுக்கவில்லை. அப்படியானால் பழியைச் சோப்பின் மேல் மட்டும் போட முடியாது. வெயிலும் உரசலும் சேர்ந்து செய்த வேலை இது. மொட்டை மாடிக் கொடியில் உச்சி வெயிலில் காயும் துணியின் சாய மூலக்கூறுகளை ஒளியே உடைக்கிறது. கல்லில் அடிப்பதும் தூரிகையால் தேய்ப்பதும் இழையின் மேற்பரப்பைப் பிசிராக்குகின்றன. பிசிரில் ஒளி சிதறுவதால், சாயம் மிச்சமிருந்தாலும் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். சாயத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயப்போடச் சொல்லும் பெரியவர்கள் இதைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

மங்கலான துணியெல்லாம் சாயம் போன துணியாகவும் இருப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டுத் துவைக்கும் வீடுகளில், தண்ணீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து ஒரு வெண்படலமாகத் துணியில் படிந்துவிடும். கறுப்பிலும் கருநீலத்திலும் இது நன்றாகத் தெரியும். ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு, துணியை அரை மணி நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசிப் பாருங்கள். படலம் கரைந்தால் அடியிலிருந்த நிறம் மேலே வந்துவிடும். சாயம் வாங்கக் கடைக்குப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். ஒன்றே ஒன்று, வினிகரும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் ஒரே வாளியில் சேரக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு, நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

வெள்ளை வேட்டியின் கதை வேறு. அது வெளுப்பதில்லை, பழுக்கிறது. அந்தப் பழுப்புக்கு நம் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கும் வைத்தியம் நீலம். பொட்டலமாக வந்த நீலப் பொடி பெரும்பாலும் அல்ட்ராமரைன். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்துத்தான் அந்த நிறத்தை எடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் அதைத் தங்கத்துக்கு இணையாக மதித்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்துகாட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசென்று பிரான்சில் 1824-இல் அறிவித்தார்கள். 1828-இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அதை வென்றார். களிமண், சோடா, கந்தகம், கரி என்று மலிவான சரக்குகளைச் சூளையில் சுட்டு வந்த நீலம் அது. அரண்மனைச் சித்திரங்களில் இருந்த நிறம் நம் துவைகல்லுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

நீலம் அழுக்கை எடுப்பதில்லை. பழுத்த துணி நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, நீலம் மஞ்சள் ஒளியை விழுங்கி அதைச் சமன் செய்கிறது. கண் அதை வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் அழுக்குப் போகத் துவைத்து அலசிய பிறகே, கடைசித் தண்ணீரில் நீலம். நேராகத் துணிமேல் விட்டால் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். சொட்டு நீலத்தையும் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் துணியை முக்க வேண்டும். இன்றைய சலவைத் தூள்கள் பலவற்றில் ஒளிர்ப்பான்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருபவை அவை. வெள்ளைக்கு நல்லது. சந்தன நிறக் கதர்ச் சட்டைக்கு ஆகாது, அதன் இளம் மஞ்சளைக் கொன்றுவிடும்.

கறைக்கு வருவோம். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பைப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான் இது. சோப்பின் காரம் பட்டு மஞ்சளின் குர்குமின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் போகத் துவைத்து, ஈரத்தோடு வெயிலில் விரித்துவிடுங்கள். மற்றச் சாயங்களுக்கு எமனான வெயில் இங்கே நம் ஆள். சாயங்காலத்துக்குள் மஞ்சள் மங்கிவிடும், மிச்சமிருந்தால் மறுநாள் வெயிலுக்குப் போய்விடும்.

கொடிக்கம்பியிலிருந்து வந்த துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்துவிடும். பிளீச்சிங் பவுடர் அதை இன்னும் அழுத்தமாக்கும்.

வாழைக்கறையிடம் மட்டும் இந்த வித்தைகள் எதுவும் பலிப்பதில்லை. சொட்டும்போது அது நிறமே இல்லாத பால். காற்றுப் பட்டுப் பழுப்பாகி இழைக்குள் இறங்கிவிட்டால், தேய்க்கத் தேய்க்கத் துணிதான் நையும். அந்த நிலையில் கறையை எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, துணி முழுவதையும் கறையைவிட ஆழ்ந்த நிறத்துக்குக் கொண்டுபோவதே வழி. பழுப்புக் கறை விழுந்த இளநீலச் சட்டைக்கு மறுபடியும் நீலச் சாயம் போட்டால் கறை விழுந்த இடம் பச்சையும் பழுப்புமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்போ அடர் அரக்கோ போட்டால் அடங்கிவிடும்.

வீட்டில் சாயம் போட உகந்தது பருத்தி. பாலியஸ்டருக்கு வீட்டுச் சாயம் ஏறாது. சரிகை வைத்த பட்டைச் சாயப் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. கார்த்திகையில் மாலை போட்டு, காலையும் மாலையும் குளித்துத் துவைத்து, ஒரு மண்டலம் முடிவதற்குள் பழுப்புத் தட்டிப்போகும் கறுப்பு வேட்டி வீட்டிலேயே சாயம் போட நல்ல உதாரணம். அடுத்த ஆண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கஞ்சிப் பசை துளியும் இல்லாமல் துவைத்து ஈரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த துணியின் எடைக்கேற்பச் சாயப் பொடியை எடுத்து, கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கரையாத ஒரு துகள் போதும், வேட்டியில் ஒரு புள்ளி நிரந்தரமாக நிற்கும். சமையலுக்கு இனி எடுக்காத பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில், துணி தாராளமாகப் புரளும் அளவு தண்ணீரைச் சுடவைத்து, சாயக் கரைசலை விட்டுத் துணியை இறக்கிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை உப்பை இடையிடையே சேர்த்தால் சாயம் தண்ணீரை விட்டு இழைக்குப் போகும். ஈரத்தில் தெரியும் கறுப்பைப் பார்த்து அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது, காய்ந்தால் ஒரு படி குறையும்.

சட்டைக்கோ ரவிக்கைக்கோ இப்படிச் சாயம் போட்டால் தையல் நூல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். நூல் பாலியஸ்டர், சாயத்தைச் சட்டை செய்யாது. கறுத்த ரவிக்கையின் விளிம்பெங்கும் கத்தரிப்பூ நிறத்தில் சின்னச் சின்னத் தையல்கள். எனக்கு அது அழகாகவே படுகிறது. அதை மறைக்க நான் ஒருபோதும் முயன்றதில்லை.

சாயம் ஏற நாம் சேர்க்கும் அதே உப்புதான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. ஆலைச் சாயத்தில் உப்பு மூட்டை மூட்டையாகப் போகும். திருப்பூர்ப் பட்டறைகளின் கழிவு இறங்கி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை நச்சுக் குளமாயிற்று. சுற்றியுள்ள நிலங்களும் கிணறுகளும் உவர்ந்துபோயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நம் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் யாரோ ஒரு விவசாயி தன் கிணற்றைக் கொடுத்திருக்கக்கூடும். ஒருமுறை சாயமேறிய துணியை இயன்றவரை உடுத்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம். வீட்டிலும் உப்பை அளந்துதான் போடுகிறேன். சாயத் தண்ணீரைச் செடிக்கோ கிணற்றடியிலோ கொட்டுவதில்லை.

வேட்டியை எடுத்த பிறகும் பாத்திரத்தில் கொஞ்சம் சாயம் மிச்சமிருக்கும். அதில் பழைய தலையணை உறைகளைப் போட்டால் மழைமேகச் சாம்பல் நிறம் எடுத்துக்கொள்ளும், பழுத்துப்போன வெள்ளைத் துண்டும் கூடவே போகலாம். சாயம் போடும் நாளுக்கு முந்தின இரவே இவற்றைத் தேடியெடுத்து, துவைத்து, ஈரமாக வைத்துவிட்டால் அதே தண்ணீரில் எல்லாம் முடிந்துவிடும்.