சிறகைப் பிடித்து நிற்பவர்

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை அண்டிய ஷ்ரொப்ஷயரில் இருக்கிறது லோங் மின்ட் என்ற நீண்ட மலைமேடு. உயரம் 516 மீற்றர். மேற்குக் காற்று சரிவில் மோதி மேலெழும். இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களுக்கு அதுவே எரிபொருள். மிட்லண்ட் கிளைடிங் கழகம் 1934இல் தொடங்கியது.

அங்கு சென்றால் வானத்தை மட்டும் பார்த்து நிற்காதீர்கள், வாசகர்களே, தரையையும் பாருங்கள். அன்றைய பொறுப்பாளர் காற்றறிந்து புறப்படும் இடத்தைத் தீர்மானிப்பார். செம்மறி ஆடுகளை விரட்டும் வேலையும் உண்டு! ஒருவர் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் குறிப்பார். யார் இன்னும் திரும்பவில்லை என்பதை மாலையில் அந்த ஏடுதான் சொல்லும்.

இன்னொருவர் சிறகு நுனியைப் பிடித்து நிற்பார். விமானியின் தலைக்கு மேலுள்ள மூடி பூட்டியிருக்கிறதா, பின்னால் வேறு விமானம் இறங்குகிறதா என்று விமானியால் காண முடியாததையும் இவரே பார்க்கவேண்டும். பிறகே சைகை. கையைத் தாழ வீசினால் தொலைவிலுள்ள வின்ச் கம்பியை மெல்ல இறுக்கும். தலைக்கு மேல் வீசினால் முழுவேகம். ஆபத்தைக் கண்டவர் நேற்றுச் சேர்ந்த மாணவராயினும் “நிறுத்து” என்று கத்தலாம். கத்தினால் நிறுத்தியே ஆகவேண்டும்.

பலத்த மேற்குக் காற்று வீசினால் வின்ச்சும் தேவையில்லை. றப்பர் கயிற்றை இரு அணியாக இழுத்துக்கொண்டு சரிவை நோக்கி ஓடுவார்கள். கிளைடர் கவண்கல்லாய்ப் பாயும். ஓடியவர்கள் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, அடுத்தவருக்காகக் கயிற்றை விரிப்பார்கள்.