மூன்று மதிப்பெண் பாக்கி

 

எட்டாம் வகுப்புத் தேர்வு ஒன்றில் நானாகச் சேர்த்த கேள்வி இது: "13 பேர் இருந்தால் அவர்களில் இரண்டு பேராவது ஒரே மாதத்தில் பிறந்திருப்பார்கள். ஏன்?" ஐந்து மதிப்பெண். ஒரு பையன் பக்கம் முழுக்க எழுதியிருந்தான். முதல் ஆள் ஜனவரி, இரண்டாம் ஆள் பிப்ரவரி என்று டிசம்பர் வரை போய், பதின்மூன்றாம் ஆளுக்கு மாதம் மிச்சமில்லை என்று முடித்தான். ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஒரு பெண் எழுதியது ஒரே வரி: "மாதத்துக்கு ஒருவர்தான் என்றால் 12 பேருக்கு மேல் இருக்க முடியாது, இருப்பதோ 13." இரண்டு மதிப்பெண் போட்டு, சிவப்பு மையில் "படிகள் எங்கே?" என்று எழுதினேன். "இதுக்கு மேல என்ன சார் எழுதறது?" என்று கேட்டாள். போய் உட்காரச் சொல்லிவிட்டேன்.

போன மாதம் விடுமுறைக்கு வந்த பேரன், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவன், இதே கணக்கை என்னிடம் சொன்னான். புறாக்கூண்டுக் கொள்கை என்று பெயராம். எண்ணத் தெரியாத ஒரு இயந்திரத்திடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும் தாத்தா என்றான்.

ரெசல்யூஷன் என்று ஒரு நிரூபண முறை. அதற்குத் தெரிந்தது ஒரே விதி. "கண்ணன் ஜனவரி அல்லது பிப்ரவரி" என்பது ஒரு வாக்கியம். "கண்ணன் ஜனவரி இல்லை, அல்லது வள்ளி ஜனவரி இல்லை" என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் "கண்ணன் பிப்ரவரி, அல்லது வள்ளி ஜனவரி இல்லை" என்று மூன்றாவது கிடைக்கும். இப்படியே வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு போய் ஒரு முரண்பாட்டில் முட்ட வேண்டும். ஆட்களும் மாதங்களும் கூடக் கூட, இந்த முறையில் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் நிரூபணம் அடுக்குக்குறி வேகத்தில் பெருத்துவிடும் என்று 1985இல் ஆர்மின் ஹேக்கன் நிரூபித்தார். 1987இல் சாம் பஸ், சாதாரணத் தர்க்க விதிகளுக்குள்ளேயே எண்ணிக்கையை நுழைத்துவிட்டால் நிரூபணம் அடக்கமான அளவில் முடியும் என்று காட்டினார். உண்மை அதேதான். கையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்து நிரூபணத்தின் நீளம் மாறுகிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 13 பேருக்கு 12 மாதங்களை ஏறத்தாழ 107 லட்சம் கோடி விதமாகப் பிரித்துக் கொடுக்கலாம். அந்தப் பையன் எழுதியது அதில் ஒரே ஒரு விதம். மற்றவை என்ன ஆகும் என்று அவன் சொல்லவேயில்லை. அந்தப் பெண்ணின் ஒரு வரி அத்தனைக்கும் பொருந்தும். நான் பக்கத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்!

இந்த நீளக் கேள்வியைப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். 1956 மார்ச்சில் கோடல், புற்றுநோயில் இருந்த வான் நாய்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். குறிப்பிட்ட நீளத்துக்குள் ஒரு நிரூபணம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இயந்திரத்துக்கு எத்தனை படிகள் ஆகும் என்பது கேள்வி. அடுத்த பிப்ரவரியில் வான் நாய்மன் இறந்துவிட்டார். 1979இல் குக்கும் ரெக்கோவும் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார்கள். தர்க்க உண்மைகள் எல்லாவற்றுக்கும் அடக்கமான நீளத்தில் நிரூபணம் தரும் முறை எதுவுமே கிடையாது என்று காட்டிவிட்டால், பத்து லட்சம் டாலர் பரிசு வைத்திருக்கிறார்களே, அந்த பி, என்பி கேள்வியும் தீர்ந்துவிடும். இன்றுவரை யாரும் காட்டவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் நினைவிருக்கிறது, இங்கே எழுதவில்லை. அம்மா, இதைப் படித்தால் ஒரு வரி போடு. உன் விடை முழு விடை. மூன்று மதிப்பெண் என்னிடம் பாக்கி இருக்கிறது.