அம்மா பார்க்காத குல்ஃபி

டெல்லி மந்திர் மார்க்கில் வெயில் சாய்ந்ததும் பிர்லா மந்திர் வாசலில் கூட்டம் சேர்கிறது. உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை. பேச வேண்டியதையெல்லாம் நடைபாதையில் நின்று பேசி முடித்துவிட்டுத்தான் படியேறுகிறார்கள். சும்மா ஓரமாக நின்றாலே நாலைந்து குடும்பங்களின் கதை காதில் விழும்.

இன்று விழுந்தது தமிழ். பச்சைச் சேலை கட்டிய அம்மா. தோளில் மகனின் புத்தகப் பை. “இல்லம்மா, அவன் அப்படித்தான். முன்கோபி. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறான். அப்படியே அவங்க தாத்தா.” பையனுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். நாலடி தள்ளி நின்று குல்ஃபி தின்கிறான். எல்லாமே அவன் காதில் விழுகிறது. முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. பழகிப்போன பேச்சு போலிருக்கிறது.

பக்கத்தில் தங்கை. அவளுடைய குல்ஃபி குச்சியிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து பார்த்தாள், அழவில்லை. நேராகப் போய் அண்ணன் கையிலிருந்ததைப் பிடித்து இழுத்தாள். அவன் விரல்கள் குச்சியை இறுக்கின, காது மடல் சிவந்தது. அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். பையன் மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டான். பெரிதாக ஒரு கடி கடித்துக்கொண்டு மிச்சத்தை அவளிடம் நீட்டினான். அம்மா பார்க்கவில்லை. போனில் தாத்தாவின் கோபக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

இந்த அரை நிமிடத்தைத் தேடித்தான் நேரேட்டிவ் தெரபி எனப்படும் கதைவழிச் சிகிச்சையில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட், நியூசிலாந்தில் டேவிட் எப்ஸ்டன், இருவரும் சேர்ந்து 1980களில் உருவாக்கிய முறை இது. ஆள் வேறு, பிரச்சினை வேறு என்பதில் தொடங்குகிறது. ‘உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்று அங்கே கேட்க மாட்டார்கள். கோபத்துக்குப் பிள்ளையையே ஒரு பெயர் வைக்கச் சொல்வார்கள். அது எப்போது வரும், வந்தால் என்ன செய்யச் சொல்லும், எந்த நண்பனோடு சண்டை மூட்டிவிட்டது என்று அதை மூன்றாவது ஆளாக்கி விசாரிப்பார்கள். கால்சட்டையிலேயே மலம் கழித்துவிடும் பிள்ளைகளைப் பார்த்தபோது வைட் அந்தத் தொல்லைக்கு ‘ஸ்னீக்கி பூ’ என்று ஒரு திருட்டுப் பயலின் பெயரைச் சூட்டினார். அதுவரை பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்த பெற்றோர் அவனோடு ஒரே கட்சியில் சேர்ந்து அந்தத் திருடனைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.

அடுத்தது, கதையில் ஓட்டை தேடுவது. முன்கோபி என்றால் இருபத்து நாலு மணி நேரமும் முன்கோபியா? கோபம் வந்து நின்றும் அதன் சொல்லைக் கேட்காத ஒரு தருணமாவது இருக்கும். அகப்பட்டால் லேசில் விடுவதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டாயே, அப்போது மனதில் என்ன ஓடியது? யாரைப் பார்த்துக் கற்றாய்? நீ விட்டுக்கொடுத்தாய் என்று சொன்னால் ஆச்சரியப்படாத ஆள் யார்? சில சமயம் அந்த ஆளையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வைப்பார்கள். எப்ஸ்டன் இன்னொன்றும் செய்தார்: பேசி முடிந்து வீடு போனவருக்குக் கடிதம் எழுதுவார். கேஸ் ஷீட்டில் போக வேண்டியது சம்பந்தப்பட்டவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

பிர்லா மந்திர் இருக்கும் அதே சாலையில் வால்மீகி கோயில். 1946, 1947இல் டெல்லி வந்தபோது காந்தி தங்கிய அறை அங்கே இருக்கிறது. சுற்றிலும் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பு. 2014 அக்டோபர் 2 அன்று, தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய நாளில், பிரதமர் மோடி துடைப்பம் பிடித்ததும் இங்கேதான். அன்று எல்லாக் கேமராவும் இங்கே இருந்தன. இப்போது நீளத் துடைப்பத்தோடு ஒரு பெண் ஓரமாகக் கூட்டிக்கொண்டு வருகிறார். நின்ற காரின் கண்ணாடி இறங்கியது, காகிதக் கோப்பை ஒன்று அவர் காலடியில் விழுந்தது, கண்ணாடி ஏறியது. அவர் நிமிரவே இல்லை. கோப்பையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு நகர்ந்தார்.

அவர் ஏன் நிமிரவில்லை என்று கேட்கவும் இந்த முறையில் இடமுண்டு. வைட் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவை ஊன்றிப் படித்தவர். நம்மைப் பற்றி நாமே நம்புகிற கதைகளில் பலவற்றை எழுதியது நாமல்ல என்பது வைட்டின் வாதம். சாதி எழுதியிருக்கும், மாமியார் எழுதியிருப்பார், மார்க் ஷீட் எழுதியிருக்கும். தாழ்வு மனப்பான்மை என்று ஆளின்மேல் சீட்டு ஒட்டுவதை விட்டு, அந்தக் கதை எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு லாபம் என்று கேட்கிற சிகிச்சை நம் நாட்டுக்கு அவசியம். ஆனால் பேச்சு கூலியை உயர்த்தாது, கார்க் கண்ணாடியையும் நிறுத்தாது. அதைச் சொல்லாமல் இந்த முறையைப் புகழ்வது ஏமாற்று.

பட்டப்பெயர் சுமக்கும் பிள்ளைகள், துக்கத்தில் இருப்பவர்கள், வன்முறையிலிருந்து தப்பியவர்கள், நீண்ட நாள் நோயோடு வாழ்பவர்கள் என்று பலருக்கும் இது கைகொடுக்கிறது. எய்ட்ஸில் பெற்றோரை இழந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக ஜிம்பாப்வேயின் இன்கசெலோ இன்குபேவும் ஆஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் ‘வாழ்க்கை மரம்’ என்ற பயிற்சியை வகுத்தார்கள். குழந்தை ஒரு மரம் வரைகிறது. வேரில் ஊரும் பாட்டியும், அடிமரத்தில் தனக்குத் தெரிந்த திறமைகள், கிளையில் ஆசைகள், இலையில் வேண்டியவர்கள். இத்தனையும் எழுதிக் கால் ஊன்றிய பிறகுதான் புயலைப் பற்றிய பேச்சு. காயத்தை முதலில் கிளறுவதில்லை. இந்தியாவில் மும்பையின் உம்மீத், டெல்லியில் ஷெல்ஜா சென்னின் சில்ட்ரன் ஃபர்ஸ்ட் போன்ற இடங்களில் இவ்வழியில் வேலை செய்கிறார்கள்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு உள்ள அளவு ஆய்வுச் சான்று இதற்கு இல்லை. கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், மனச்சிதைவு என்றால் முதலில் மனநல மருத்துவர். மருந்து வேண்டுமென்றால் மருந்து. கதை அதோடு சேர்ந்து வரட்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.