மாட்டுக் கொட்டகையில் ஒரு விளக்கு

எனக்கும் மின்சாரத்துக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். வீட்டில் ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வருகிற வரையில் திண்ணையில் உட்கார்ந்து கதைக்கு முடிவு யோசிக்கிறவன் நான். அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் மண்ணூரிலிருந்து அக்கா டெலிபோன் செய்தாள்.

“உன் மருமகன் வீட்டிலேயே குண்டு செய்யறான்டா. நீ வந்து ஒரு வார்த்தை கேளு.”

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இப்போதெல்லாம் பொழுது விடிவது கோழி கூவி அல்ல. தொழிற்சாலைப் பஸ்களின் ஹாரன் ஒலியில்தான். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது முதற்கொண்டு ஒரகடம் வரையில் வயல்களெல்லாம் மதில் சுவர்களாகிவிட்டன. அக்கா வீட்டு நிலமும் அப்படிப் போனதுதான். நிலம் போன பிறகு மாடு எதற்கு? மாடும் போயிற்று. வீட்டுக்குப் பின்னால், இருபதடி தள்ளி, செங்கல் தூணும் அரைச்சுவரும் நாட்டு ஓடுமாகக் கொட்டகை மட்டும் காலியாக நின்றது.

மருமகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. கூடத்தில் அவன் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தேன். செங்கல் பருமனில் எட்டு நீல நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்கு மேல் கனம்.

“குண்டு இல்லை மாமா, பாட்டரி” என்றான்.

“இது எதற்கப்பா இப்போது?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. உள் அறையைப் பார்த்தான். அங்கே அக்காவின் கட்டிலருகே ஆக்ஸிஜன் இயந்திரம் ‘புஸ்... புஸ்...’ என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஞாபகம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த இரவு. மின்சாரம் போய்விட்டது. வீட்டிலிருந்த பழைய ஈய-அமில பாட்டரி அரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரின் முள் இறங்க இறங்க, டார்ச் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு இருபத்தாறு வயதுப் பிள்ளை விடிய விடிய உட்கார்ந்திருந்தான். அந்த முள் இன்னும் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

கணக்கைப் பிசகில்லாமல் போட்டிருந்தான். இயந்திரம், மின்விசிறி, ஒரு விளக்கு ஆக நானூறு வாட். பத்து மணி நேரம் ஓட நாலு யூனிட் வேண்டும். ஒரு பெட்டி 3.2 வோல்ட், எட்டையும் தொடராகக் கோத்தால் 25.6 வோல்ட். 280 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்றால் மொத்தம் ஏழு யூனிட். அதை ஒட்ட உறிஞ்சாமல், நஷ்டத்தையும் கழித்தால் ஐந்து தேறும். மோட்டார் ஓடுவதால் சுத்தமான சைன் அலை தருகிற இன்வெர்ட்டராகவே வாங்கியிருந்தான்.

“இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் மாமா. மற்ற லித்தியத்தைவிடச் சாது. சூடானாலும் இதிலிருக்கிற பாஸ்பேட் தன் ஆக்ஸிஜனை லேசில் விடாது.”

ஆக்ஸிஜனுக்காக அம்மா தவிக்க, ஆக்ஸிஜனை விடாத சரக்கைத் தேடிப் பிடித்திருக்கிறான் பிள்ளை! இந்தப் பொருளை 1997-ல் உலகுக்குக் காட்டியவர்கள் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபும் அவருடைய குழுவினரும். அதற்குப் பத்து வருஷம் முன்பே இந்த வகைச் சேர்மங்களில் அவரோடு சேர்ந்து வழி திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் சொற்பொழிவாற்றியவரும் அவரே. இதையெல்லாம் சொல்லும்போது மருமகன் ஏதோ சொந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சாது என்கிறாயே, சாது மிரண்டால்?”

“அதற்குத்தான் காவல்காரன்” என்று ஒரு சின்னப் பலகையைக் காட்டினான். பி.எம்.எஸ். என்று பெயராம். ஒரு பெட்டியாவது 3.65 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜை நிறுத்தும், 2.5-க்குக் கீழே இறங்கினால் எடுப்பதை நிறுத்தும். சூடு ஏறினாலும் துண்டித்துவிடும். காவல்காரன் தூங்கிவிட்டால்? அதற்கு ஃப்யூஸ். பாட்டரியின் நேர்முனையை ஒட்டினாற்போல, கம்பி தாங்கும் அளவுக்கும் குறைவாக, நேர்மின்சாரத்துக்கென்றே செய்த ஃப்யூஸ். மாறுமின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணைய வழியுண்டு. நேர்மின்சாரத்தில் அப்படி இல்லை, பிடித்தால் பிடித்ததுதான். வேலை செய்யும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்பானருக்கும் பிடியெல்லாம் டேப் சுற்றியிருந்தான். ஸ்பானர் இரு முனைக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயுமாம்.

எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. “எங்கே வைக்கப் போகிறாய்?” என்று கேட்கும் வரையில்.

“அம்மா கட்டிலுக்கு அடியில்.”

அக்காவுக்கும் அதுவே சம்மதம். பக்கத்தில் இருந்தால் தைரியம் என்றாள். சற்று முன் குண்டு என்றவளும் அவள்தான்!

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டினேன். இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. தகப்பனும் பதின்மூன்று வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். எத்தனை காவல் வைத்தாலும் புகைக்கு வாசல் தெரியாதே! மூச்சு வாங்குகிறவள் படுக்கைக்கு அடியிலா, அதுவும் ஆக்ஸிஜன் குழாய்க்குப் பக்கத்திலா, இதை வைப்பது?

மருமகன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, பின்கட்டுக் கதவைத் திறந்து கொட்டகையைப் பார்த்தான்.

இரண்டே நாளில் அங்கே சிமென்ட் மேடை எழுந்தது. 2015 வெள்ளத்தின் கறை சுவரில் இன்னும் இருக்கிறது. மேடை அதற்கு மேல் ஒரு முழம். அதன்மேல் இரும்புப் பெட்டி. அரைச்சுவருக்கு மேலே காற்று ஓடியது. நாட்டு ஓட்டின் நிழல் இருந்தது. சூட்டில் இதன் ஆயுசு குறையுமாதலால் நிழலும் முக்கியம். வைக்கோல் கூளத்தை ஒரு துரும்பு விடாமல் கூட்டித் தள்ளினான். கூரையில் புகையைக் கண்டால் கூவுகிற கருவி ஒன்றும் வைத்தான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். எதிர் வீட்டுப் பெரியவர் வந்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். சுற்றிப் பார்த்தவரின் கண், சுவரோரம் கிடந்த ஒரு வயரில் நின்றது. அதன் இரு முனையிலும் பிளக்.

“தம்பி, இது எதுக்கு?”

“இன்வெர்ட்டரிலிருந்து எடுத்து வீட்டு சாக்கெட்டில் சொருகிவிட்டால் எல்லா அறைக்கும் போய்விடும் ஐயா. மெயினை மறக்காமல் அணைத்துவிடுவேன்.”

பெரியவர் முகம் மாறியது. “மறந்தால்? நீ விடற 230 வோல்ட் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மர்லே தலைகீழா ஏறி 11,000 வோல்ட்டாகும். லைன் செத்துக் கிடக்குதுன்னு நம்பி ஒருத்தன் கம்பத்து மேலே நிப்பான். அவனுக்கும் அம்மா இருப்பாங்க, தம்பி.”

மருமகன் தலை குனிந்தான். அம்மாவுக்காக ஆம்பியர் ஆம்பியராகக் கணக்குப் போட்டவன், கம்பத்தின் மேல் நிற்கிறவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் மட்டும் என்ன, புயல் இரவில் ‘இன்னும் வரவில்லையே’ என்று சபித்ததைத் தவிர அந்த மனிதனை நினைத்தேனா?

அந்த வயரை அவனே நறுக்கிப் போட்டான். இன்வெர்ட்டரிலிருந்து அக்கா அறைக்கு மட்டும் தனி வயர் ஓடியது. தெரு மின்சாரமோ, பாட்டரியோ, ஒரு சமயத்தில் ஒன்றே வரும்படியான மாற்று சுவிட்ச் பொருத்தப்பட்டது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் எர்த்தையும் இணைப்புகளையும் சோதித்துப் பார்த்துச் சரி என்றார்.

அன்றிரவு மெயினை அணைத்துப் பரீட்சை நடந்தது. இயந்திரம் ஒரு கணம் தயங்கிற்று, பிறகு ‘புஸ்... புஸ்...’ என்று தொடர்ந்தது. நிரப்பிய சிலிண்டர் வழக்கம்போலச் சுவரோரம் காவல் நின்றது. டாக்டர் சொன்ன அந்த ஏற்பாட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை. மருமகன் பாயை விரித்தவன் ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டான். நாற்காலியில் நான்தான் விழித்திருந்தேன்.

அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் கொட்டகையில் ஒரு பச்சை விளக்கு மினுக்கியது.

“லட்சுமி கட்டியிருந்த இடம்டா அது” என்றாள். “அதுவும் ராத்திரியிலே இப்படித்தான் கண்ணு மின்னப் பார்த்துக்கிட்டு நிக்கும்.”